சீனியம்மா நின்ன எல்லைக்கல்

ஒரு ஊர்ல ஒரு சட்டம் இருந்துச்சாம். சட்டம் முதல்ல வந்துச்சாம், அப்புறம்தான் ஊரே வந்துச்சாம். எங்க, ம் கொட்டு. நீ ம் கொட்டினாத்தான் எனக்குக் கதை வரும். ஆங், அப்படி.

பனங்காட்டுக்கு நடுவுல வெட்டாங்கரைன்னு ஊரு. சாமி எல்லையம்மா. பங்குனி மாசத்துக் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவாங்க. அம்மன் கையில ஒரு மஞ்சக் கயிறு, ஊர்ல எல்லார் கையிலயும் ஒரு மஞ்சக் கயிறு. கட்டிட்டா எட்டு நாளைக்கு யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது. தாண்டினா அந்த வீட்டுக்கு ஊர்த் தண்ணி கிடையாது, ஊர் நெருப்பும் கிடையாது. ஓலை ஏட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு.

ஏட்டை வச்சிருந்தவரு சடையப்பரு. ஏட்டய்யான்னு கூப்பிடுவாங்க. கெட்டவருன்னு நினைச்சுடாத, பயந்தவரு. ஒரு எழுத்தைத் தப்பாப் படிச்சா அம்மன் கண்ணைப் பிடுங்கிடுவான்னு அவங்க அப்பன் சொல்லி வளர்த்த மனுஷன்.

அப்புறம், ஏட்டுக்குத் துணையா ஒரு பாட்டும் இருந்துச்சு. எந்தச் சட்டத்தை எப்படி நடத்துறது, யாருக்கு, எப்போ விட்டுக்குடுக்கிறதுன்னு பாட்டு சொல்லும். மாமியா மருமகளுக்குச் சொல்லிக்குடுப்பா. அப்படி வாய்வழியா வந்து கடைசியில சீனியம்மாகிட்ட நின்னுது. நாப்பத்தஞ்சு வயசுக்காரி, முழங்கால் வலிக்காரி, முறுக்கு சுட்டுப் பிழைக்கிறவ. பிள்ளையே இல்ல, மருமக எங்கேருந்து வருவா? "பாட்டைக் கத்துக்க வாங்கடி"ன்னு கூப்பிட்டா பொண்ணுங்க சிரிக்குங்க. "ஏடுதான் இருக்கே, பாட்டு எதுக்குக்கா? முறுக்கைக் குடு."

ம்.

அந்த வருஷம் காப்புக் கட்டி மூணாம் நாளு. மயிலின்னு ஒருத்தி. அவ மகன் குருவனுக்கு நாலு வயசு, உன்னை மாதிரிதான். தொண்டை வீங்கிப்போச்சு. கர்ர்... கர்ர்...னு மூச்சு இழுக்குது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள இறங்கல. வைத்தியரு மலையடிவாரத்துல இருக்காரு. போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள்.

மயிலி பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தடதடன்னு கோயிலுக்கு ஓடினா. ஏட்டய்யா ஏட்டைப் பிரிச்சாரு. "தாண்டலாகாதுன்னு இருக்கும்மா. பிள்ளைக்குன்னு தனியா ஒரு எழுத்தும் இல்லையே."

அப்போ அவ சீனியம்மாகிட்ட ஓடினா. "அக்கா, பாட்டுல ஏதாச்சும் இருக்கா?"

அடுப்புல எண்ணெய் கொதிக்குது. அதை அப்படியே விட்டுட்டு சீனியம்மா நொண்டிக்கிட்டு வந்தா. கோயில் வாசல்ல நின்னு பாடினா:

"மூச்சு முட்டும் பிள்ளைக்கு முன்னே எந்தக் கல்லுமில்ல,
ஆத்தா சுமந்து போனா அம்மனுக்குக் கோவமில்ல."

"ஏட்டுல இல்லாதது எப்படிச் செல்லும்?"ன்னாரு ஏட்டய்யா.

"காப்புக் கயித்துல எத்தனை இழை ஏட்டய்யா?"

"மூணு."

"எந்தக் கையில கட்டணும்?"

"ஆம்பளைக்கு வலது, பொம்பளைக்கு இடது. இது தெரியாதா?"

"ஏட்டுல எங்க இருக்கு, காட்டுங்க."

சரசரன்னு புரட்டினாரு. முன்னாடி புரட்டினாரு, பின்னாடி புரட்டினாரு. இல்ல.

"உங்க பாட்டனாருக்கு எங்க வீட்டுப் பொம்பளை சொன்னது அது. பாட்டு பொய்யின்னா உங்க கையில இருக்கிறது வெறும் நூலு."

ஏட்டய்யா முகம் சுருங்கிப்போச்சு. "நீயா இட்டுக்கட்டலைன்னு என்ன சாட்சி?"

"இட்டுக்கட்டுறவளா இருந்தா எனக்கு ஒரு ஓட்டு வீடு கேட்டுப் பாடியிருக்க மாட்டேனா?" ஊரே சிரிச்சுது. "இந்தப் பாட்டை ஒருத்தி தனக்காகப் பாடிக்க முடியாது ஏட்டய்யா. பாடினாலும் செல்லாது. அடுத்தவங்களுக்குத்தான் பாடலாம். அதுதான் சாட்சி."

அப்போ ஏட்டய்யா மூணாவதா கேட்டாரு. "அடுத்த வரி என்ன? முழுசாப் பாடு."

சீனியம்மாவுக்கு அடுத்த வரி தெரியும். அந்த வரியை முழுங்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது? ஆனா ஒரு வரியை முழுங்கினவ வாயில மத்த வரி தங்குமா? பாடினா:

"போனவ காப்பை ஒருத்தி கல்லுல கை வச்சுச் சுமக்கணும்,
வந்து அவ சேரும்வரை வாய் நனையாம நிக்கணும்."

பங்குனி வெயிலு, மூணு நாளு. மயிலி மாமியா தரையைப் பாத்தா. மயிலி நாத்தனா மாமியாளைப் பாத்தா. கர்ர்... கர்ர்...னு பிள்ளை மட்டும்தான் சத்தம் போடுது.

"யாராச்சும் என் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைங்கடி"ன்னு சொல்லிட்டு, சீனியம்மா எல்லைக்கல்லைப் பாத்து நடந்தா. கை வச்சா. மயிலி தாண்டி ஓடினா.

தூங்கிட்டியா? ம்... சரி, கேளு.

முதல் நாளு சீனியம்மா பாக்க வர்றவங்களோட பேசிக்கிட்டே நின்னா. "உங்க வீட்டுப் பொண்ணை அனுப்புங்கடி, நின்ன இடத்துலயே சொல்லித்தாரேன்." "கொடை வேலை கிடக்குக்கா, அப்புறம் வரோம்."

ரெண்டாம் நாளு உதடு வெடிச்சுது, காலு வீங்கிப்போச்சு. ஏட்டய்யாவுக்கு மனசு கேக்கல. வெத்து ஓலையும் எழுத்தாணியும் எடுத்துக்கிட்டு வந்தாரு. "மிச்சப் பாட்டைச் சொல்லு, எழுதிக்கறேன்."

"எழுதிட்டா அதுவும் இன்னொரு ஏடு ஆயிடும் ஏட்டய்யா. அப்புறம் அதுக்கு ஒரு பாட்டு வேணும். உங்க மருமகளை அனுப்புங்க."

ஏட்டய்யா வீட்டு மருமக, ஊர் பாக்க எல்லைக்கல்லுகிட்ட நின்னு, முறுக்குக்காரிகிட்ட பாடம் கேக்குறதா? யோசிச்சாரு. ராவெல்லாம் யோசிச்சாரு.

மூணாம் நாள் விடிஞ்சதும் மருமகளை இழுத்துக்கிட்டு ஓடி வந்தாரு. அப்போ சீனியம்மாவுக்குக் குரலே எழும்பல. ஹ்ஹ்... ஹ்ஹ்...னு காத்துதான் வருது. மருமக செம்புத் தண்ணியை நீட்டி அழுதா. "அக்கா, நிக்கிறவளை விடுறதுக்கும் ஒரு வரி இருக்குமில்ல? இருக்கா?"

சீனியம்மா தலையை ஆட்டினா. இருக்கு.

"பாடுக்கா!"

இல்லைன்னு தலையை ஆட்டினா. தனக்குத் தானே பாட முடியாதே. பாடக்கூடிய இன்னொருத்தி ஊர்ல இல்லையே. ஏட்டய்யா மண்டி போட்டு, "நான் சொல்றேன், குடி தாயி"ன்னாரு. அவ அவரைப் பாத்தா. ஏட்டுல இல்லையேன்னு கேக்குற மாதிரி இருந்துச்சாம் அந்தப் பார்வை. வாயைத் திறக்கல.

அன்னிக்கு மத்தியானம் தொப்புன்னு விழுந்தா. கை மட்டும் கல்லை விடல.

சாயங்காலம் மயிலி வந்தா. வீக்கம் வத்தி, பிள்ளை தோள்ல முழிச்சுக்கிட்டு இருக்கான். கல்லுகிட்ட வந்ததும், "அம்மா, தண்ணி"ன்னு கேட்டான். மயிலி சுரைக்குடுக்கையைத் திறந்தா. முதல்ல சீனியம்மா வாயிலதான் ஊத்தினா. அது உள்ள இறங்கல, கன்னத்துல வழிஞ்சு மண்ணுக்குப் போச்சு. மிச்சத்தைப் பிள்ளை மடக்கு மடக்குன்னு குடிச்சான்.

சீனியம்மா இல்லாத அடுத்த வருஷமும் காப்புக் கட்டினாங்க. மூணு இழை, இடது கை, வலது கை. வெளியூர்ல தாய் செத்துக் கிடக்கா, போகணும்னு ஒருத்தி கோயில் வாசல்ல வந்து நின்னா. பாட்டுல அதுக்கும் ஒரு வரி இருந்திருக்கும். ஊருக்குத் தெரிஞ்சதோ நாலே வரி. ஏட்டய்யா ஏட்டைப் பிரிச்சாரு. அப்புறம், "தாண்டலாகாது"ன்னு படிச்சாரு. படிக்கும்போது அவரு குரலே அவருக்குக் கேக்கலையாம்.

அவ்வளவுதான்டா கண்ணு, கதை அந்தக் கல்லோட நின்னுபோச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, கண்ணை மூடு.