பொட்டு வைத்த கெண்டைகள்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று.

குரு மரகதவல்லி மீன்களைப் பற்றிப் படித்தவள். சீடர் நாச்சிமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவார ஆற்று மடுவில் செவ்வால் கெண்டைகளைக் கணக்கெடுக்க அவள் வந்து கூடாரம் போட்ட அன்றே, "எனக்கும் சொல்லிக் குடுங்க அம்மிணி" என்று வந்து நின்றுவிட்டார்.

அந்தக் கெண்டை வேறு எந்த ஆற்றிலும் இல்லை. இங்கேயும் அற்றுப்போயிருக்கும், மடுவை மீன்பிடி ஏலத்துக்கு விட்டுவிடலாம் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது.

மார்கழியில் மடுவுக்குத் தண்ணீர் வரும் வாய், போகும் வாய் இரண்டையும் வலை கட்டி அடைத்தார்கள். உள்ளே வலை வீசிக் கெண்டைகளைப் பிடித்தார்கள். மரகதவல்லி ஒவ்வொன்றின் வாலோரத்திலும் ஊசியால் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு வைத்தாள். நாச்சிமுத்து ஈரக்கையில் ஏந்தித் தண்ணீரில் விட்டார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் போல ஒவ்வொன்றிடமும், "போயிட்டு வா சாமி" என்றார்.

பொங்கல் சமயத்தில் மறுபடி வலை வீசினார்கள். போன தடவை அளவுக்கே மீன் விழுந்தது. நாச்சிமுத்து ஆசையாக ஒன்றை எடுத்து வாலைப் பார்த்தார். பொட்டு இல்லை. அடுத்ததிலும் இல்லை. மீனைப் போட்ட தொட்டி முழுக்கத் தேடியும் பொட்டு வைத்தது ஒன்றே ஒன்றுதான்.

அவர் போய்ப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். சோறு வேண்டாம் என்றார்.

"என்னங்க ஐயா?"

"என் கை பட்டதெல்லாம் செத்துப்போச்சுங்க அம்மிணி. இருந்த கொஞ்சத்தையும் நானே கொன்னுட்டேன்."

அவள் அவரைக் கரையோரம் கூட்டிப்போனாள். பொட்டு வைத்த மீன்களில் சிலவற்றை மார்கழியிலேயே அங்கே ஒரு கூண்டு வலையில் விட்டுவைத்திருந்தாள். ஒன்று துள்ளி அவர் முகத்தில் தண்ணீரை அடித்தது.

"இதுங்களும் உங்க கை பட்டதுதானே? செத்துப்போச்சா?"

"இல்லீங்க. அப்ப மத்ததெல்லாம் எங்கீங்க? ரெண்டு வாயும் அடைச்சிருக்குதே!"

"அத நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க" என்று வலையை அலசப் போனாள்.

மறுநாள் காணும் பொங்கல். காலையில் அவர் கையில் ஒரு கொத்துச் சிவப்புக் கயிற்றைக் கொடுத்தாள்.

"ஆத்துக்கு வர்றவங்க கையில கட்டுங்க. தீர்ந்தாப் போதும். மத்தியானம் மணல்ல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

ஆற்றுக்கு வருகிற வழியில் போய் நின்றார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள்.

"எந்தக் கோயில் கயிறுங்க?"

"ஆத்துக் கயிறுங்க."

கயிறு சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. வேன்களும் டிராக்டர்களும் அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தன.

மத்தியானம் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். இந்தப் பக்கம் கபடி, அந்தப் பக்கம் கும்மி. பார்த்த குடும்பமெல்லாம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டது. புளிச்சோறு வைத்த கையைப் பார்த்தார், கயிறு இல்லை. தயிர்சோறு வைத்த கையிலும் இல்லை. கரும்பு நீட்டிய கையிலும் இல்லை. வயிறு நிறைந்து நடந்தபோது, கும்மியடித்த ஒரு பெண்ணின் கையில் மட்டும் கயிறு தெரிந்தது.

நாச்சிமுத்து அங்கேயே நின்றார். பிறகு தனியாகச் சிரிக்க ஆரம்பித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடாரத்துக்கு ஓடினார்.

"ஒரே ஒரு கைதானுங்க அம்மிணி!"

"மத்தவங்க?"

"எல்லாம் கூட்டத்துக்குள்ளதான் இருக்காங்க. அத்தனை சனம்ங்க! எங்கிருந்துதான் வந்தாங்களோ..."

திரும்பி மடுவைப் பார்த்தார். வெயிலில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்ப இதுக்குள்ளயும் அத்தனை கெண்டைங்களா? இத நேத்தே சொல்லியிருக்கலாமில்லீங்களா? ராத்திரி முச்சூடும் அழுதனே!"

மரகதவல்லி சிரித்தாள்.

"நேத்து வலை நிறைய நம்ம பொட்டு வெச்ச மீனா வந்திருந்தா, நான் அழுதிருப்பேனுங்க ஐயா."