கோலினுக்கு இரண்டு வரி

திருப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் பெனிட்டா ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தாள். அவளுக்கு வயது இருபத்தொன்பது. அவளிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் மயில்சாமி. பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பத்துநாலு வயதில் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுவதற்கு அவர் வெட்கப்பட்டதே இல்லை.

அன்று வகுப்பு இல்லாத நாள். காலை பத்தரைக்கே வந்து நின்றார். முகம் சரியில்லை.

மான்செஸ்டரிலிருந்து பனியன் ஆர்டர் கொடுத்திருக்கும் கோலின், அனுப்பிய நீலச் சாய மாதிரியை ஐந்தாவது முறையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நிறம் முடிவாகாமல் துணி வராது, துணி வராமல் மெஷின் ஓடாது. அறுபது டெய்லர்கள் ஒன்பது நாளாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஒரு வாரம் போனால் ஆளுக்கொரு கம்பெனியைப் பார்த்துப் போய்விடுவார்கள். அப்படிப் போகிறவர்கள் திரும்புவதில்லை. பதினோரு மணிக்குக் கோலின் போனில் வருவான்.

மயில்சாமி நோட்டைத் திறந்து காட்டினார். இரண்டு வரி எழுதியிருந்தார்.

முதல் வரி: ‘ஐ ஆம் அனாய்ட் வித் திஸ் டிலே.’ இரண்டாவது வரி: ‘ஐ ஆம் பிஸ்ட் ஆஃப் வித் திஸ் டிலே.’

“ரெண்டுல எதைச் சொல்றதுங்க டீச்சர்? ரெண்டாவது கோலின் வாயிலிருந்தே வந்ததுங்க. கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுல பெட்டி வராதப்ப சொன்னான். அவனுக்கு உறைக்கணும்.”

இரண்டுக்குமே இந்தத் தாமதம் எரிச்சலாக இருக்கிறது என்றுதான் பொருள், ஆனால் முதலாவதை யாரிடமும் சொல்லலாம், இரண்டாவது கொச்சை, நெருங்கிய ஆளிடம் மட்டும்தான் எடுபடும் என்று பெனிட்டா விளக்கினாள். பிறகு, கடைசியாக யாரை வாய்விட்டுத் திட்டினீர்கள் என்று கேட்டாள்.

கட்டிங் மாஸ்டர் ஆறுச்சாமியை என்றார். இருநூறு பீஸைத் தப்பாக வெட்டிவிட்டானாம். ‘உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது’ என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அவன் சிரித்துக்கொண்டே சாயங்காலத்துக்குள் சரி செய்துவிட்டான். அதே வாரம் புதிதாக வந்த செக்கிங் ஆளையும் அதே வார்த்தையில் கேட்டார். அவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

“ஆறுச்சாமி ஏன் சிரிச்சாரு?”

“அவன் பொண்ணு கல்யாணத்துல நான்தானுங்க பந்தி விசாரிச்சேன்.”

மயில்சாமி பேனாவை எடுத்து இரண்டாவது வரியைத் தானே அடித்தார். அடித்த பிறகும் அவருக்குத் திருப்தியில்லை.

“முதல் வரி சப்புன்னு இருக்குதுங்க. அறுபது குடும்பம் தவிச்சுக்கிட்டிருக்குது, நான் என்னமோ பஸ் லேட்டுன்னு சொல்ற மாதிரி.”

“அறுபது பேரு சும்மா உக்காந்திருக்கறது கோலினுக்குத் தெரியுமாங்கண்ணா?”

மயில்சாமி சிரித்தார். இதுகூடத் தெரியாத பெண்ணா என்கிற சிரிப்பு. மெஷின் நிற்கிறது என்று எந்தக் கம்பெனியும் வெளிநாட்டுக்காரனிடம் மூச்சு விடாது. சொன்னால் ஆர்டர் இல்லாத கம்பெனி என்று நினைத்து விலையைக் குறைப்பான். அதனால் அத்தனை பேரும் எழுதுவது ஒன்றே ஒன்றுதான், எல்லா மெஷினும் முழுசாக ஓடுகிறது என்று. அவரும் அதைத்தான் எழுதியிருந்தார்.

“இந்த ஒம்பது நாளுமா?”

“போன மெயில்லகூட அப்படித்தானுங்க முடிச்சேன். அவசரமில்லைன்னு...”

நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெனிட்டாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போன் அடித்தது. கோலின்தான்.

“எந்த வரியைச் சொல்லட்டும் டீச்சர்?” அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது.

“மெஷின் நிக்குதுன்னு சொல்லுங்கண்ணா. அதைக் கேட்ட பிறகும் அவரு நீலத்தைத் தள்ளினா, அப்ப முதல் வரியை எடுங்க.”