மூன்றாம் நாள் குறிப்பு

இந்தக் கதையைப் பல ஆண்டுகளாக நான் முழுதாக நம்பியதில்லை. எனக்குச் சொன்னவர் மாசிலாமணி அண்ணாச்சி. கதையில் வரும் சீடரும் அவரே. பொய் பேசுகிறவர் அல்லர். கோளாறு என்னிடம்தானோ என்றும் யோசித்திருக்கிறேன்.

நாற்பத்தாறு வயதில் நில அளவையர் வேலையை விட்டுவிட்டு, பேராசிரியை பூரணவல்லியிடம் மாணவராகச் சேர்ந்தார். அந்த அம்மாள் அவரைவிட ஆறு வயது இளையவர். வானிலிருந்து எடுத்த படங்களை வைத்து, புதைந்த ஊர்களைத் தேடக் கற்றுக்கொடுப்பவர்.

மண்ணுக்கடியில் பழைய சுவர் இருந்தால், மேலே உள்ள பயிருக்கு ஈரம் போதாது. மழை பொய்த்த ஆண்டில் அதுதான் முதலில் கருகும். சுவர் போகும் வழியெல்லாம், மேலிருந்து பார்க்க, கருகல் கோடாகத் தெரியும்.

கரிசல் காட்டில், சுடலி என்பவரின் கம்புப் புஞ்சையில், அப்படியொரு கோடு மங்கலாகத் தெரிந்தது. மாசிலாமணி ட்ரோனோடு போய் மூன்று நாள் தங்கினார்.

சுடலி கேட்டாராம்: "தட்டான் தாழப் பறந்தா மழைம்பாக. ஒங்க தட்டான் ஏன்யா இம்புட்டு ஒசரத்துல நிக்குது? கொஞ்சம் எறக்கி விடுங்களேன்."

இவர் சிரித்தார். இறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மேகம் திரண்டது. சுடலி வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தார். இவரும் பார்த்தார். மதியத்துக்குள் கலைந்துவிட்டது. அன்று எடுத்த படத்தில் ஒரு பெரிய கட்டடம், அறை அறையாக, வாசல் உட்படத் தெரிந்தது.

அவருடைய முதல் கண்டுபிடிப்பு. பேராசிரியை கையெழுத்திட்டால் அறிக்கை மாசிலாமணி பெயரில் வெளிவரும்.

பேராசிரியை படத்தைப் பார்த்தார். பிறகு களக்குறிப்பேட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"மூணாம் நாளை வாசிங்க."

"மேகம் கூடியது. நல்லவேளை, பெய்யாமல் கலைந்தது. படங்கள் மிகத் தெளிவு."

"யார் காடு?"

"சுடலின்னு ஒரு அம்மா, மேடம்."

"அவங்ககிட்ட இதை வாசிச்சுக் காட்டிட்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்."

காது சுட்டதாம்.

"அந்த ஒரு வார்த்தையை அடிச்சிடறேன் மேடம்."

"அடிச்சிட்டா, அங்க போய் என்னத்தை வாசிப்பீங்க?"

மறுநாளே பஸ் ஏறினார். படத்தைக் காட்டினார். குறிப்பையும் வாசித்தார். சுடலி கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

"இந்தா, இந்த எடத்துலதான் ரெண்டு தரம் வெதச்சேன். அந்தக் காலத்து ஆளுக கெட்டியாத்தான் கட்டிருக்காக." சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "குடிங்கய்யா. வெயில்ல வந்திருக்கீக."

திரும்பி வந்தார். பேராசிரியை அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்திட்டார்.

அண்ணாச்சி எப்போதும் இங்கே முடித்துவிடுவார். எனக்கு அந்தத் தண்ணீர் இறங்குவதில்லை. அந்தக் குறிப்பைக் கேட்டவர் தண்ணீர் கொடுப்பாரா? கொடுக்கலாம், அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அண்ணாச்சியின் இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். சொம்பை மட்டும் இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன்.

போன மாதம் மறுபடியும் சொன்னார். தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, அந்த 'நல்லவேளை'யையும் வாசிச்சீங்களா?"