ஆர்க்கிட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

ஏற்காட்டில் ஒரு சிறிய மடம். அதன் கூடத்தில், ஜன்னலோரத் தொட்டிகளில் இருந்த ஆர்க்கிட் செடிகளைப் பொன்னுரங்கம் கவனித்துக்கொண்டார். மனைவி தெய்வானை இறந்தபின் சீடராக வந்து சேர்ந்தவர். குரு மரகதம்மாள் அவரைவிட வயதில் இளையவர்.

செடிகள் ஒவ்வொன்றாய்ச் செத்தன. கடைசித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு குருவிடம் வந்தார்.

"என்ன குறை வச்சேன் அம்மா? பொழுதுக்கும் தண்ணி ஊத்துறேன். தொட்டியில போட்டிருந்த கரியிலயும் தேங்காய் மட்டையிலயும் ஈரம் நிக்கலைன்னு, அதையெல்லாம் எடுத்துட்டு நல்ல செம்மண் போட்டேன்."

குரு தொட்டியைத் தரையில் கவிழ்த்தார். சேறாகக் கொட்டியது. ஒரு வேரை விரலால் பிடித்து இழுத்தார். தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே நார் மட்டும் இருந்தது. அழுகல் நாற்றம்.

"இது காத்துல கிடந்து வாழற வேர். நனைஞ்சா காயணும், அப்புறம்தான் அடுத்த தண்ணி. மண்ணுக்குள்ள மூச்சு முட்டியிருக்கு."

"காயறதைப் பார்த்துக்கிட்டு என்னால நிக்க முடியல."

"ஏன்?"

பொன்னுரங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"தெய்வானைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போச்சு. தண்ணியை அளந்துதான் தரணும், மீறினா நெஞ்சுல நீர் ஏறிடும்னார் டாக்டர். அவ கெஞ்சினா. ஒரு வாய், ஒரே ஒரு வாய்னு. நான் சொம்பைக் கொண்டுபோய் அலமாரியில வச்சுப் பூட்டினேன். அன்னிக்குச் சாயங்காலமே போயிட்டா."

குரு சேற்றைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு வாயைக் கொடுத்திருக்கணுமா அம்மா?"

"தெரியாது."

"நீங்களே தெரியாதுன்னா நான் யார்கிட்ட போய்க் கேட்பேன்?"

"டாக்டர் சொன்னதும் சரி. அவங்க கேட்டதும் சரி. எனக்கு அதுக்கு மேல தெரியாது."

குரு எழுந்து கை கழுவினார். பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார்.

"குடிங்க."

"தாகமில்ல."

"உதடு வெடிச்சுக் கிடக்கு. பந்தியிலயும் நீங்க தம்ளரைத் தொடறதில்ல. பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

பொன்னுரங்கம் வாங்கினார். வாங்கும்போதே பாதி தரையில் சிந்தியது. மீதியை வாய்வரை கொண்டுபோனார். அதற்குமேல் முடியவில்லை.

"அவ பார்த்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு அம்மா."

"பார்க்கட்டும். குடிங்க" என்றார் குரு.