தள்ளி நின்ற லிகோரி

இதை எனக்கு முதலில் சொன்னது என் இளைய மகள் ஷைனி. போன தபசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடிந்து இரண்டு பேரும் கோயிலிலிருந்து நடந்து வந்தோம். வழியில் சொன்னாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகும் நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த விளையாட்டெல்லாம் தெரியாது. அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

தூத்துக்குடியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில், கேம்ஸ் கடை ஒன்று இருக்கிறது. பெரிய டிவியில் இரண்டு ஆட்கள் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்கிற விளையாட்டுக்குத்தான் அங்கே கூட்டம். ஆளுக்கொரு உயிர்க்கோடு திரையின் மேலே தெரியும். அடி விழ விழக் கோடு குறையும். தீர்ந்துபோனால் அந்த ரவுண்டு போச்சு. மூன்றில் இரண்டு ரவுண்டு எடுத்தவர் ஜெயித்தவர்.

அந்தக் கடைக்கு ரெக்சலின் என்று ஒரு பெண் வருவாள். சின்ன வயசுதான். அங்கே அவளை ஜெயித்தவர் கிடையாது. கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அதனால் எல்லாருக்கும் அவள் டீச்சர்.

ஒரு சாயங்காலம் லிகோரி என்கிறவன் படியேறி வந்தான். அவளைவிட மூத்தவன். துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை.

"டீச்சர்ங்கிறது நீங்கதானா?"

"அப்படித்தான் கூப்பிடுறாங்க அண்ணே."

"நான் ஒரே ஒரு ஆளை அடிக்கணும். சொல்லிக்குடுங்க."

"யாரை?"

"என் சிநேகிதனை."

"பாவம், அவர் என்ன பண்ணினாரு?"

லிகோரி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னான்.

சிநேகிதன் பேர் ததேயு. கோயில் மைதானத்தில் இரண்டு பேரும் ஒன்றாக வாலிபால் ஆடியவர்கள். இவன் பந்தைத் தூக்கிக் கொடுப்பான், அவன் எழும்பி அடிப்பான். ததேயு பைக்கில் போகும்போது ஒரு லாரி இடித்து, இப்போது அவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. வீட்டில் உட்கார்ந்து இந்த விளையாட்டைப் பழகி, வருகிறவர்களை எல்லாம் அடித்துத் துரத்துகிறான். ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். ஒரு ஆட்டம் ஆடி, வேண்டுமென்றே தோற்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். ததேயுவுக்கு அது தெரியும்.

"போன ஞாயித்துக்கிழமை என்கிட்ட சொல்லிட்டான். 'ஏல, நீ வந்து தோத்துட்டுப் போறது எனக்குப் பொழுதுபோக்கு இல்ல. என்கிட்ட ஒரு ரவுண்டாவது எடு. முடியாதுன்னா இனி வராத.'"

"நீங்களும் வேணும்னே தோத்தீங்களா?"

"இல்ல டீச்சர். எனக்கு நெசமாவே ஆடத் தெரியாது."

ரெக்சலின் சிரித்துவிட்டாள். கண்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தாள்.

"இதுல யாரு ரொம்பப் பலசாலி?" என்று கேட்டான் லிகோரி. திரையில் வரிசையாக முகங்கள்.

"யாரு மூஞ்சி உங்களுக்குப் பிடிச்சிருக்கு?"

அவன் மீசை வைத்த ஒரு குண்டு ஆளைக் காட்டினான்.

"இனி இவர்தான். தோத்தாலும் இவர்தான்."

முதல் ஆட்டத்தில் லிகோரி எல்லாப் பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கினான். மீசைக்காரர் காற்றில் கையைக் காலை வீசினார். அடி முழுக்க அவருக்கே விழுந்தது.

"அண்ணே, ஆபீசுல போன் வந்தா என்ன செய்வீங்க?"

"எடுத்துப் பேசுவேன்."

"அவங்க பேசும்போது?"

"கேப்பேன்."

"இன்னைக்கு முழுக்கக் கேட்டுக்கிட்டே இருங்க. ஒரு அடி கூட நீங்க அடிக்கக் கூடாது. தடுக்க மட்டும் செய்யுங்க."

அன்றைக்கு மாடியில் இருந்த அத்தனை பேரும் லிகோரியை அடித்தார்கள். "அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். லிகோரி தடுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில், எந்த அடிக்குப் பிறகு அந்த ஆட்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று அவனுக்குத் தெரிய ஆரம்பித்தது.

அடுத்த முறை வந்தபோது பெருமையாக ஒன்று காட்டினான். யூடியூபில் பார்த்துப் பழகியதாம். பழகுகிறவர்களுக்கென்று திரையில் சும்மா நிற்கிற ஒரு பொம்மை ஆள் உண்டு. அதை மீசைக்காரர் தூக்கி, சுழற்றி, கீழே விழ விடாமல் அடி மேல் அடி அடித்தார். பார்த்தவர்கள் விசில் அடித்தார்கள்.

"எப்படி டீச்சர்?"

"அழகா இருக்கு. அந்தப் பொம்மை உங்களைத் திருப்பி அடிச்சுதா?"

"அது எப்படி அடிக்கும்?"

"உங்க சிநேகிதர் அடிப்பாரா?"

லிகோரி மறுபடி தடுக்க உட்கார்ந்தான்.

இன்னொரு நாள் ஆட்டத்துக்கு நடுவில் ரெக்சலின் கேட்டாள். "கண்ணு எங்க இருக்கு?"

"என் ஆள் மேல."

"அவர் அடுத்து என்ன செய்யப் போறாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நான்தானே செய்ய வைக்கிறேன். தெரியும்."

"தெரிஞ்சவரை எதுக்கு அவ்வளவு நேரம் பாக்குறீங்க?"

லிகோரி கண்ணை எதிராளி பக்கம் திருப்பினான். ஆனால் நொடிக்கொரு தரம் பார்வை மேலே உயிர்க்கோட்டுக்குப் போனது. கோடு குறைந்ததும் கண்டபடி பட்டனை அமுக்கினான். ரெக்சலின் எழுந்து தன் துப்பட்டாவை டிவியின் மேல் ஓரத்தில் தொங்கவிட்டாள். இரண்டு கோடும் மறைந்துவிட்டது.

"இப்ப யாரு ஜெயிக்கிறான்னு எப்படித் தெரியும் டீச்சர்?"

"முடிஞ்ச உடனே தெரிஞ்சிரும்."

அந்த ஆட்டத்தில் அவன் முதல்முறையாக ஒரு ரவுண்டு எடுத்தான். பிறகு நாளாக நாளாக, மாடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை அடித்தான். எதிராளி கீழே விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் அவள் சொல்லிக்கொடுத்தாள். "கிட்டப் போங்க. எந்திரிக்கிற நேரத்துல அவருக்கு ஒரு வழிதான் இருக்கும், உங்களுக்கு நாலு வழி. அதை விட்டா அந்த நேரம் திரும்ப வராது." லிகோரி கிட்டப் போவான். தூங்குகிறான் என்று கேலி பண்ணினவனே அவனிடம் விழுந்து, எழ முடியாமல், "அண்ணாச்சி, போதும்!" என்று கத்தினான்.

"இனி நீங்க போகலாம்," என்றாள் ரெக்சலின்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லிகோரி ததேயு வீட்டுக்குப் போனான். ததேயு சக்கர நாற்காலியில் டிவிக்கு எதிரே இருந்தான்.

"வந்துட்டாருய்யா வீரர்! அடி வாங்க ஆசையா?"

"பேசாத. போடு."

ஆட்டம் தொடங்கியதுமே ததேயு பேச்சை நிறுத்திவிட்டான். லிகோரி தடுத்தான், பார்த்தான், நேரம் பார்த்து அடித்தான். ததேயுவின் கோடு பாதிக்குக் கீழே வந்தது. அப்புறம் ஒரு அடியில் ததேயுவின் ஆள் தரையில் விழுந்தான்.

லிகோரியின் மீசைக்காரர் இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றார்.

ததேயுவின் ஆள் எழுந்தான். எழுந்தவன் ஜெயித்தான்.

அடுத்த ரவுண்டிலும் அதே கதை. விழுந்தான், இவன் தள்ளி நின்றான், அவன் எழுந்து அடித்தான். ததேயு கண்ட்ரோலரை மடியில் வைத்தான்.

"ஏன் தள்ளிப் போன?"

"எங்கல போனேன்?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஏன் தள்ளிப் போன?"

"நீ விழுந்துட்டியேன்னு..."

காபி கொண்டுவந்த ததேயுவின் அம்மா வாசல்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஆப்பிளு கொண்டு வாரவங்களே தேவலை," என்றான் ததேயு. "போயிருல. இனி வராத."

மறுநாள் லிகோரி மாடிக்கு வந்தான்.

"நீங்க சொன்னது அத்தனையும் செஞ்சேன் டீச்சர். அவன் விழுந்த உடனே என் கட்டைவிரல் தன்னால பின்னால இழுத்துருச்சு. எங்க மைதானத்துல யாராவது விழுந்தா ஆட்டத்தை நிறுத்தி, கை குடுத்துத் தூக்குவோம். விழுந்தவனை எப்படி அடிக்கிறது?"

ரெக்சலின் ஒரு கண்ட்ரோலரை அவனிடம் நீட்டினாள். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கிய உடனே மீசைக்காரரைக் கீழே தள்ளினாள். தள்ளிவிட்டுத் தன் ஆளைப் பின்னால் நகர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மீசைக்காரர் எழுந்தார். அவள் கண்ட்ரோலரை எடுத்தாள், மறுபடி தள்ளினாள், மறுபடி பின்னால் போய்க் கையைக் கட்டினாள்.

"என்ன டீச்சர் இது?"

"நீங்க மெதுவா எந்திரிங்க அண்ணே. அவசரமே இல்ல."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது தரமும் விழுந்தார்.

"தண்ணி வேணுமா அண்ணே? யாராவது அண்ணனுக்குத் தண்ணி குடுங்க."

லிகோரியின் காது சிவந்துவிட்டது.

"என்னையப் பத்தி என்ன நெனச்சீங்க? நான் ஆடத்தானே வந்திருக்கேன்? அடிங்க!"

"பாவமா இருக்குதே," என்றாள் ரெக்சலின்.

திரையில் மீசைக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். லிகோரி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். கண்ட்ரோலரைக் கீழே வைத்தான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

நேராகப் போனது ததேயு வீட்டுக்கு. கதவைத் திறந்தது அம்மா.

"யாரும்மா?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

"நான்தாம்ல."

"வராதன்னு சொன்னேம்லா? இரக்கப்பட வந்திருந்தா அப்படியே திரும்பிரு."

"அடிக்க வந்திருக்கேன்."

"அம்மா, அவனை உள்ள விடு," என்றான் ததேயு.

முதல் ரவுண்டு ததேயுவுக்குப் போனது. இரண்டாவதில் இரண்டு பேரும் மாறி மாறி அடி வாங்கினார்கள். கோடு இரண்டும் பாதிக்கு வந்தபோது ததேயுவின் ஆள் விழுந்தான்.

மீசைக்காரர் கிட்டப் போனார்.

எழுந்திருக்கும்போதே அடித்தார். விழுந்தான். மறுபடி எழுந்தான், இந்தத் தரம் தடுத்துப் பார்த்தான். மீசைக்காரர் அப்படியே வாரிப் பிடித்துத் தூக்கிப் போட்டார். எழ, அடிக்க, எழ, அடிக்க. ததேயுவின் கோடு தீர்ந்துபோனது.

லிகோரி திரும்பிப் பார்க்கப் பயந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் ததேயு வீடு அதிரக் கத்தினான். "அம்மா! இவன் என்னைய அடிச்சுட்டாம்மா!"

அம்மா தோசைத் திருப்பியோடு ஓடிவந்தார்கள். "யாருல எம்புள்ளைய அடிச்சது?"

ததேயு கண்ணில் தண்ணி வர வரச் சிரித்தான். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"சிரிச்சது போதும்," என்றான் லிகோரி. "மூணாவதைப் போடு."

"போடுதேன். வாடா வா."

மறுநாள் சாயங்காலம் லிகோரி மாடிக்கு வந்தான். ரெக்சலின் யாருக்கோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ரவுண்டு எடுத்துட்டேன் டீச்சர். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கான்."

"மூணாவது?"

"தோத்துட்டேன். ஒரே ஒரு தடவை விழுந்தேன். அதோட முடிஞ்சுது."

"நீங்க விழுந்தப்ப அவர் தள்ளி நின்னாரா?"

"அவனா! எந்திரிக்கவே விடல. தலைமாட்டுலயே நின்னான்."

ரெக்சலின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல சிநேகிதர்," என்றாள்.

இவ்வளவு நேரம் இருந்து கேட்டீர்கள். இன்றைக்கு ஜெபமாலை சொல்லும்போது ததேயு, லிகோரி இரண்டு பேர் பேரையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.