கடிக்காத காலை

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். நான் கதையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். மூன்று பேருக்கும் மாறி மாறிச் சமாதானம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு மலை ஊர். அங்கே ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி நடத்திப் பிழைக்கும் குடும்பம்: ரெஜினா, அவள் கணவன் அமல்தாஸ், அமல்தாஸின் தம்பி சூசை. மூவருக்கும் பவளம் என்றால் உயிர். செம்பழுப்பு நிறப் பெண் குதிரை, வயதாகிவிட்டது. சில காலமாக அதற்கு முதுகு சரியில்லை. சேணத்தைக் கண்டதுமே முதுகைப் பள்ளமாக்கிக்கொண்டு விலகும். திரும்பச் சொன்னால் உடம்பை வளைக்காமல் மேசையை நகர்த்துவதுபோல் மொத்தமாகத் திரும்பும். வயிற்று வாரை இறுக்கினால் ரெஜினாவின் கையைக் கவ்வும். அவளுடைய ஸ்வெட்டர் கை முழுக்க ஒட்டுத்தையல்தான்.

கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். “முதுகெலும்பு மூட்டெல்லாம் தேஞ்சு உரசுதும்மா. மூட்டுவாதம். இது போகாது. பக்குவமா வச்சுக்கிட்டா இன்னும் பல வருஷம் நடக்கும்” என்றார்.

அந்தப் பக்குவம்தான் ஆளைத் தின்றது. கட்டிப்போட்டால் முதுகு இறுகிவிடும், அதனால் தினமும் நடத்த வேண்டும். வெந்நீர் ஒத்தடம் வேண்டும். முன்னங்கால்களுக்கு நடுவே காரட்டைக் காட்டி, அது குனிந்து கவ்வும்போது முதுகு மேலே தூக்கும்படி பழக்க வேண்டும். சமதளத்தில் சின்னப் பிள்ளைகளை ஏற்றலாம், இறக்கத்தில் யாருமே ஏறக் கூடாது. வலி மிஞ்சினால் மட்டும் மாத்திரை, மாத்திரை கொடுத்த அன்று சேணமே கூடாது.

“அது ஏன் டாக்டர்?” என்று ரெஜினா கேட்டாள்.

“மாத்திரை போட்டா அதுக்கு வலி தெரியாது. வலி தெரியலன்னா காலைப் பாத்து வைக்காது.”

குளிர்காலம் முழுக்க இத்தனையும் அவள்தான் செய்தாள். ஆண்கள் இருவரும் வாயால் நிறைய உதவினார்கள். போகப் போக அவளுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. கடி மெத்தென்று இருந்தால் அன்றைக்குப் பிள்ளைகளை ஏற்றுவாள். அழுத்தமாக இருந்தால் வாரை அவிழ்த்துவிட்டுச் சும்மா கூட நடப்பாள். கடிக்காத நாள் என்று ஒன்று இருந்ததில்லை.

அப்போதுதான் கீழே சமவெளியில் அவள் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தாள். ரெஜினா துணைக்குப் போனாள்.

அவள் பஸ் ஏறியதுமே அமல்தாஸுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. “பாவம், இத்தனை நாள் நடந்துச்சு. நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று கொட்டகையில் கட்டி, கம்பளி போர்த்தி, தீவனத்தை முகத்துக்கு நேரே குவித்தான். படுத்த குதிரை எழுந்திருக்கத் திணறத் தொடங்கியது. அதன் முனகலைச் சூசையால் தாங்க முடியவில்லை. தினமும் விடியலில் மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் உருட்டிக் கொடுத்தான். மருந்து என்றாலே அண்ணன் எகிறுவான் என்று அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ரெஜினா திரும்பி வந்த காலையில் அவள் கண்ணில் தூக்கம் என்பதே மிச்சமில்லை. ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால்கள் வீங்கியிருந்தன. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கொட்டகைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரைக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். சேணத்தை வைத்து வாரை இறுக்கி, வழக்கம்போல் கையை நீட்டினாள்.

பவளம் கடிக்கவில்லை. இன்னொரு துளை இறுக்கினாள். அப்போதும் கடிக்கவில்லை.

“தேறிட்டியாடி?” என்றாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏரிக்குப் போகும் பாதை நீண்ட இறக்கம். இந்தக் காலோடு எப்படி இறங்குவது? குதிரைக்குத்தான் குணமாகிவிட்டதே. பவளத்துக்கு முதுகு கெட்ட பிறகு முதல் முறையாக அவள் ஏறி உட்கார்ந்தாள்.

பாதி வழியில் பின்னங்கால் இழுத்துக்கொண்டு பவளம் மண்டியிட்டது. ரெஜினா புதரில் போய் விழுந்தாள், சிராய்ப்போடு போயிற்று. குதிரைதான் உச்சிவெயில் வரை ரோட்டோரத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். அவர் துருவிக் கேட்டதில் கட்டிப்போட்டதும் மாத்திரை கொடுத்ததும் வெளியே வந்தன. “பிழைச்சுக்கும். ஆனா இனிமே இது ஒரே ஆள் பொறுப்புல இருக்கணும். இன்னொருத்தர் கை படக் கூடாது. யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

“என்கிட்டதான் இருக்கணும். நான் அது மேல ஒரு துரும்புகூட வைக்கல” என்றான் அமல்தாஸ்.

“அது முனகினப்ப எந்திரிச்சுப் போனது நான் ஒருத்தன்தாண்ணே” என்றான் சூசை.

இருவரும் ரெஜினாவைப் பார்த்தார்கள். “ஏறினது நான்” என்றாள் அவள்.

இப்போது சொல்லுங்கள். கட்டிவைத்துக் காத்தவனா, வலியைப் போக்கியவனா, ஏறி விழவைத்தவளா? பவளத்தை யார் கையில் கொடுப்பீர்கள்?

ஒதுங்கிக்கொள்வதாகச் சொன்னேன், ஆனாலும் கேட்டால் என் விடை இது. மூவரில் பெரிய பிழை ரெஜினாவுடையது. மற்ற இருவருக்கும் பவளத்தின் கடி வெறும் கடிதான். அவளுக்கோ அது பேச்சு. அன்றைக்கு அந்தப் பேச்சு நின்றுபோனதைக் கண்டும், கால் ஓய்ந்த அலுப்பில், தனக்குத் தோதாக அர்த்தம் செய்துகொண்டாள். அமல்தாஸையும் சூசையையும் மன்னிக்கலாம், நம்பிக் கொடுக்க முடியாது. தாங்கள் எதைத் தவறவிட்டோம் என்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஆகவே பவளம் அவளிடம்தான் போக வேண்டும், போகவும் செய்தது. ஒத்தடமும் காரட்டும் மறுபடி முதலிலிருந்து தொடங்கின. மழைக்காலம் முடிந்து, வெறும் சேணம் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன காலையில் அவள் வாரை மெல்ல இறுக்கிக் கையை நீட்டினாள். பவளம் தலையைத் திருப்பி, பல் பதியக் கடித்தது. ரெஜினா வாரை அவிழ்த்துச் சேணத்தை இறக்கிவைத்துவிட்டு, அதன் கழுத்தில் முகம் புதைத்து வெகுநேரம் அழுதாள். பிறகு இருவரும் மெதுவாக நடந்து போனார்கள்.