ஏழாவது பந்தக்கால்

ஆறு நாடுகள் சேர்ந்து ஒரே நாடாக இருந்த காலம். அவரவர் ஊருக்கு அவரவர் சட்டம். பாதைக்கும் படைக்கும் மட்டும் பொதுவாக ஒரு சபை. அந்தச் சபை கூடுவது ஒரு வட்டப் பந்தலில். நாட்டுக்கு ஒரு பந்தக்கால், அந்தந்த நாட்டுக் காட்டிலேயே வெட்டி வந்து நட்டது.

அன்றைக்கு ஏழாவதாகத் தேன்மலை சேரப் போகிறது. விடிந்ததிலிருந்தே மைதானத்தில் எள் போட இடமில்லை, அப்படியொரு கூட்டம்!

பொம்மக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேன்மலையில் பிறந்தவள்; நாற்பதைத் தாண்டியவள். எட்டு வருஷமாகச் சபையின் குருவான சடையனாரிடம் சீடராக இருக்கிறாள். மலைக்குப் போய்த் தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசி, "தலைகுனியுற இடத்துக்கு உங்களைக் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்று சத்தியம் பண்ணி, ஒரே ஒரு ஆள் வித்தியாசத்தில் ஊரைச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான்.

ஆனால் ஒரு விஷயம் அவள் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. பந்தலுக்கு முந்தாநாள்தான் புதுக் கீற்று வேய்ந்திருந்தார்கள். வட்டத்தில் ஏழாவது காலுக்கு இடம் விட வேண்டுமென்றால் அதைப் பிரிக்க வேண்டும்; யாருக்கும் மனசு வரவில்லை. "ஓரமா, ஒட்டினாப்புல தாழ்வா ஒரு சாய்ப்பு இறக்கிடுவோம். மலைக்காரங்க பந்தக்காலை அங்க நட்டா போச்சு" என்றார் முதல் நாடான ஆற்றூரின் தலைவர். எப்படியாவது சேர்ந்தால் போதும் என்று இவளும் தலையாட்டிவிட்டாள்.

"ஐயா, சாய்ப்புன்னாலும் நிழல் நிழல்தானே?" என்று குருவிடம் கேட்டாள்.

"அங்க போய் உட்கார்ந்து பார்த்தியா?"

"இல்லைங்க ஐயா."

அதற்குள் மலைப்பாதையில் தப்பட்டைச் சத்தம். வந்துவிட்டார்கள்!

எட்டுப் பேர் தோளில் ஒரு வேங்கை மரம். மூன்று நாள் நடை, ஆள் மாற்றி ஆள். காட்டில் தோளேறிய பந்தக்கால் குழியில்தான் இறங்க வேண்டும். நடுவில் மண்ணில் பட்டால் அது வெறும் விறகு. உறவும் அத்தோடு முறிந்தது. அதனால் தூங்கும்போதுகூட மரத்தைக் கீழே வைக்காமல் வந்திருந்தார்கள். தோளெல்லாம் கன்றிப் போயிருந்தது.

முன்னால் வந்தவர் தேன்மலை மூப்பர், பொம்மக்காவின் தாய்மாமன்.

"எங்க குழி எங்கம்மா?"

அவள் சாய்ப்பைக் காட்டினாள்.

மூப்பர் பந்தலைப் பார்த்தார். சாய்ப்பைப் பார்த்தார்.

"மாடு கட்டுற இடம் மாதிரியில்ல இருக்கு?"

"நிழல் ஒண்ணுதான் மாமா."

"அப்போ ஆற்றூர்க்காரங்க அங்க உட்காரட்டும். நாங்க உள்ள வாறோம்."

ஆற்றூர்த் தலைவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

மூப்பருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "திருப்புங்கப்பா மரத்தை!"

பொம்மக்காவுக்குச் சத்தியம் பண்ணிய வாய் உலர்ந்துபோனது. குருவிடம் ஓடினாள்.

"ஐயா, போறாங்க ஐயா! தப்பு என்மேலதான். இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"கடப்பாரை எங்க இருக்கு?" என்றார் சடையனார்.

எடுத்துக் கொடுத்தாள். அவர் சாய்ப்புப் பக்கம் போகவில்லை. நேராகப் பந்தலுக்குள் போய், ஆற்றூர்ப் பந்தக்காலின் அடியில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

கூட்டம் அதிர்ந்துபோனது.

"ஐயா! அது முதல் பந்தக்கால்! உங்க ஊர்க் கால்! உங்க அப்பா நட்டது!" என்று அலறினார் ஆற்றூர்த் தலைவர்.

"அதான் எனக்கு ஆழம் தெரியும்."

இன்னும் நாலு குத்து. கூரை ஒரு பக்கமாக முனகிச் சரிந்தது. "ஐயோ, பிடிங்க, பிடிங்க!" என்று ஆறு நாட்டு ஆட்களும் உள்ளே பாய்ந்தார்கள். ஆற்றூர்த் தலைவரே துண்டை உதறிப் போட்டுவிட்டு விட்டத்துக்குத் தோள் கொடுத்தார். கொடுக்காமல் என்ன செய்வார்? கூரை அவர் தலையில் அல்லவா இறங்குகிறது!

பொம்மக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு கடப்பாரையைப் பிடுங்கினாள்.

"மாமா! மரத்தை இறக்கிடாதீங்க! கொஞ்சம் பொறுங்க!"

மூப்பர் திரும்பிப் பார்த்தார். வெளியே எட்டுப் பேர் தோளில் மரம். உள்ளே ஐம்பது பேர் தோளில் கூரை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூணு நாள் சுமந்துட்டோம், இன்னும் கொஞ்சம் சுமக்க மாட்டோமா? தோண்டு தாயி!"

கயிறு போட்டு வட்டத்தை ஏழாக அளந்தாள். எந்தக் காலும் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் நகர வேண்டியிருந்தது. மண் பறந்தது. புதுக் கீற்றில் பாதி உதிர்ந்து தலையெல்லாம் ஓலை. யார் எந்த ஊர் என்று தெரியாத அளவுக்கு எல்லாருக்கும் ஒரே புழுதி. ஒருவர் மூச்சுவாங்க, இன்னொருவர் திட்ட, மூன்றாமவர் திட்டுகிறவரைப் பார்த்துச் சிரிக்க, ஏழாவது குழியில் வேங்கை மரம் கும்மென்று இறங்கியது. குலவைச் சத்தம் மலைவரைக்கும் கேட்டிருக்கும்!

ஆற்றூர்த் தலைவர் புழுதியைத் துடைத்துக்கொண்டு சடையனாரிடம் வந்தார். கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

"இனிமே முதல் கால் எதுன்னு எப்படிச் சொல்றது?"

"எண்ணிப் பாரும்."

அவர் ஆற்றூர்க் காலிலிருந்து எண்ணினார். ஏழு. முணுமுணுத்துக்கொண்டே தேன்மலைக் காலிலிருந்து எண்ணினார். அதுவும் ஏழு. பிறகு கீற்றுப் பொறுக்கப் போய்விட்டார்.

பொம்மக்கா வேங்கைக் காலைச் சுற்றி மண் தள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கொட்டியது, வாய் சிரித்தது. மண்ணை ஏறி ஏறி மிதித்தாள். உலக்கை வாங்கி இடித்தாள். இனி எவன் வந்தாலும் அசைக்க முடியாது என்கிற வேகம்.

சடையனார் அவள் கையிலிருந்த உலக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் தாயி. ரொம்ப இறுக்காதே."

"ஏன் ஐயா?"

"எட்டாவது ஊர் வந்தா, இதை நீதானே தோண்டணும்."